பற்று வரவு

எங்கள் வீட்டு ஃபைட்டர் மீனின் விலை 120 ரூபாய். அதைப் பிழைக்கவைக்க நான் செய்த செலவு, ஆட்டோ சார்ஜ் உட்பட 700-ஐத் தாண்டிவிட்டது. பி.காம். படித்தவனுக்கு வயிற்றெரிச்சல் தரும் கணக்கு. அந்தக் காசுக்குப் புதுசாக ஐந்து மீன் வாங்கியிருக்கலாம்!

ஆனால், நான் சொல்ல வந்தது வேறு கணக்கு. அதில் கொஞ்சம் தில்லுமுல்லு செய்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏன் மாப்ளே ஃபைட்டர்னு பேரு? பட்டுப்புடவை மாதிரி சும்மா அசையுது!” என்றார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தண்ணீரில் விடக் கூடாது என்பது கொளத்தூர் கடையில் மீன் வாங்கும்போதே சொல்லித்தரும் முதல் பாடம். தெரிந்துதான் செய்தேன். மகள் டியூஷன் போயிருந்தாள். மேல் வீட்டுப் பையனிடம் அவனுடைய நீல ஃபைட்டரை இரவல் வாங்கி வந்து, “பத்தே செகண்ட், பாருங்க” என்று எங்கள் தொட்டியில் கவிழ்த்தேன்.

முதல் சில நொடிகள் அழகுதான். செவுள் மூடியை விரித்து, துடுப்பை விசிறி போல் பரப்பி, ஒன்றை ஒன்று சுற்றி வந்தன. பிறகு கடி. வலையைத் தேடினால் காணோம். டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, துழாவிப் பிரிப்பதற்குள் இரண்டு நிமிடமாவது போயிருக்கும். எங்கள் ராக்கியின் வால் கந்தல் துணியாகத் தொங்கியது. விலாவில் செதில் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

மகள் வந்தாள். “என்னாச்சுப்பா?”

“தெரியலம்மா... வால் அழுகுற நோய் போலிருக்கு.”

மச்சான் ஃபேனைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நான்தான் நர்ஸ். ஃபைட்டர் மீன் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து வாயால் காற்றையும் விழுங்கும். அடிபட்ட மீன் அவ்வளவு தூரம் நீந்த வேண்டாமே என்று தண்ணீர் மட்டத்தைக் குறைத்தேன். குளோரின் ஆகாது, கடையில் கொடுத்த சொட்டு மருந்தைக் கலந்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அக்வேரியம் உப்பு. தெருமுனை பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று. அதன் சாறு இறங்கித் தண்ணீர் டீ நிறமாகும். கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும் என்று மீன் வளர்ப்பவர்கள் போடுவது வழக்கம். நாலு நாள் ராக்கி எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கொசுப்புழுவைக் கவ்வியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார்.

அப்போது ஆரம்பித்தது வினை. “அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மீனைப் பார்ப்பார் ஆன்ட்டி!” என்றாள் மகள். “இந்தக் காலத்துல ஒரு மீனுக்காக இப்படியா சார்!” என்றார் அவர். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மீனுக்கு வலிக்குமா? 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அவை கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் தீனி தொடவில்லை. அதெல்லாம் வலியாகாது, அதற்கான மூளை அமைப்பே மீனுக்கு இல்லை என்று 2016-ல் பிரையன் கீ எழுதினார். விஞ்ஞானிகள் சண்டை நடக்கட்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. மனிதனைத் தவிர எல்லா உயிரும் அதற்கு விலங்குதான். வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவது குற்றம். 1960-ல் போட்ட அந்தச் சட்டம் முதல் தடவைக்கு வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். மீன் விலையில் பாதிகூட இல்லை!

விஷயம் அபராதம் அல்ல. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தவன் அதைத் தர்மக் கணக்கில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். நான் எழுதிக்கொண்டேன்.

இது முதல் தடவையும் இல்லை. நிருபராக இருந்த புதிதில், கலப்பட எண்ணெய் பற்றிய செய்தியில் அவசரத்தில் தப்பான கடையின் பெயரைப் போட்டுவிட்டேன். உள் பக்கத்தில் நாலு வரித் திருத்தம் வந்தது. அதை யார் படித்தார்கள்? மனசு உறுத்தவே, சில மாதம் கழித்து அதே கடைக்காரரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். “உங்களாலதான் சார் கடை நிக்குது.” முதல் செய்தியில் என் பெயர் இல்லை, அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மைசூர்பாகு நன்றாக இருந்தது.

மருந்து தர்மமா, கடனா என்று மீனுக்கா தெரியும், எப்படியிருந்தாலும் வால் வளருமே என்று நீங்கள் கேட்கலாம். வளரும். வித்தியாசம் எனக்கு ஒன்பதாம் நாள் தெரிந்தது. ஆபீஸிலிருந்து அலுத்து வந்து வாளியைத் தூக்கும்போது, ‘ஒரு மீனுக்கு இதுக்கு மேல என்ன செய்யணும்? போதும்’ என்று தோன்றியது. தர்மம் செய்பவனுக்கு அந்தப் ‘போதும்’ சொல்ல உரிமை உண்டு. கடன்காரனுக்கு ஏது? அசலே அடையாதபோது அலுத்துக்கொள்ள நான் யார்? வாளியைத் தூக்கினேன்.

இப்போது கந்தல் வாலின் ஓரத்தில் கண்ணாடி போல் நிறமில்லாமல் புதுத் துடுப்பு அரும்பியிருக்கிறது. சிவப்பு பிறகு ஏறும். நான் கிட்டே போனால் ராக்கி கண்ணாடியருகே ஓடி வருகிறது. “உனக்கு நன்றி சொல்லுதுப்பா” என்றாள் மகள். அதற்கு மேல் தாங்கவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான், வடிகட்டி, வால் அழுகல், எல்லாம்.

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அந்த நீல மீன் எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

பாட்டிலோடு திருப்பிக் கொடுத்தபோது அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மூன்று வாரமாக விசாரிக்கவும் இல்லை. டப்பாவில் மிச்சமிருந்த உப்பை எடுத்துக்கொண்டு இருவரும் மாடிப்படி ஏறினோம்.