முந்தி வந்த பனி

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் இலையுதிர் காலத்திலே பச்சையம் சிதைய, மறைந்திருந்த மஞ்சள் நிறம் இலைகளில் வெளிப்படுகின்றது. பின்னர் காம்பின் அடி மெல்லத் தளர, இலை தானே விடைபெறுகின்றது. அதன் பின்பே பெரும்பனி வருவது வழக்கம்.

2011 ஒக்டோபர் 29 இல் பனி முந்திவிட்டது. வண்ண இலைகள் மீது வெண்பனி படிந்த காட்சி பேரழகுதான். ஆயின் அந்த இலைகளே பனியை ஏந்தின. பாரம் தாங்காது கிளைகள் முறிந்து மின்கம்பிகள் அறுந்தன. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன.

மரங்கள் மீது குற்றமில்லை. அவை பருவத்தின்படியே நின்றன. மனிதனுக்கோ பருவத்துக்குக் காத்திராமல் தானே விட்டுக்கொடுக்கும் ஆற்றல் உண்டு. இளமையும் செல்வமும் அந்த இலைகள் போன்றவை. அவற்றில் மகிழ்வது பிழையன்று. கொடுக்க வேண்டியதை நாளை கொடுக்கலாம், மன்னிக்க வேண்டியவரை நாளை மன்னிக்கலாம் என்றிருப்பதே பிழை. நாளைக்கு முன்னரே பனி வந்துவிடலாம்.