சான்று சொல்லும் அளவுகள்

மாத்திரையொன்றை வாயிலிட்டு நீர் அருந்தும் நோயாளி, தாம் அறியாமலேயே ஒரு நம்பிக்கை அறிக்கை செய்கின்றார். அதனை உருவாக்கியவர் யார், எவ்வளவு வெப்பத்தில் உலர்த்தினர், கலவை எத்தனை நிமிடம் சுழன்றது என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. முகமறியா மனிதரின் நேர்மைமீது தம் உயிரை வைக்கின்றார். இந்நம்பிக்கைக்குப் பிணையாக நிற்பவற்றுள் முதன்மையானது, அம்மருந்து உருவான வேளையில் நிகழ்ந்தவற்றைக் குறித்து வைத்த பதிவேயாகும்.

பெரிய மருந்தாலைகளில் இப்பதிவை இன்று பெரும்பாலும் கணினியே எழுதுகின்றது. கலங்களில் பொருத்தப்பட்ட உணர்விகள் வெப்பம், அழுத்தம், சுழலும் வேகம் ஆகியவற்றை அனுப்ப, தானியக்க மென்பொருள் அவற்றை வாங்கிச் சேமிக்கின்றது. ஆயினும் எதனைச் சேமிப்பது என்று மென்பொருள் தானாக அறியாது. பொறியாளர் ஒருவர் முன்கூட்டியே அமர்ந்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு 'மாறி'யை வரையறுக்க வேண்டும். அதன் பெயர் என்ன, அலகு என்ன, ஏற்கத்தக்க மேலெல்லையும் கீழெல்லையும் எவை, எத்தனை நொடிக்கு ஒருமுறை குறிப்பது, எந்த உற்பத்தித் தொகுதியோடு இணைப்பது என்பனவெல்லாம் அப்போதே முடிவாகின்றன. காண்பதற்கு இது வறண்ட கணக்கு வேலை. இதில் அறநெறிக்கு இடமேது என்று வினவத் தோன்றும். இடம் உண்டு, அது நாம் எண்ணுவதினும் பெரிது.

சாட்சியை அமர்த்துதல்

பொய்ச்சாட்சி கூறலாகாது என்பது இறைவன் தந்த எட்டாம் கட்டளை. பொய்ப்பதிவு என்றதும், 118 என்றிருப்பதை 121 என்று திருத்தும் கையே நம் நினைவுக்கு வருகின்றது. அது பாவமே, ஐயமில்லை. ஆனால் அந்தக் கைக்கு வேலையே இல்லாதபடி உண்மையை முன்னதாகவே மறைத்துவிடவும் கூடும். வரையறுக்கப்படாத மாறியைக் குறித்து எவரும் பொய் சொல்லத் தேவையில்லை. அங்கே சாட்சியே அமர்த்தப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நீராவியால் கிருமிகளை நீக்குவதற்குப் பெரிதும் வழங்கும் அளவு 121 பாகை செல்சியஸ், 15 நிமிடம். சேமிப்பிடத்தை மிச்சப்படுத்த எண்ணிய பொறியாளர், முந்திய அளவிலிருந்து 2 பாகைக்கு மேல் மாறினாலன்றிப் புதிய அளவைக் குறிக்க வேண்டாம் என வரையறுத்தார் என்று கொள்வோம். வெப்பம் 121இலிருந்து 119.5க்கு இறங்கி அங்கேயே நின்றாலும், பதிவு 121 என்றே காட்டும். ஒரு மணி நேரத்தின் சராசரியை மட்டும் சேமித்தாலோ, இடையில் நேர்ந்த சரிவு அச்சராசரிக்குள் கரைந்துபோகும். எவரும் எதையும் அழிக்கவில்லை. ஆயினும் உண்மை காணாமற்போயிற்று.

அறிவும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையே உண்மை என்பது புனித தோமா அக்குவினாரின் விளக்கம். பதிவு உண்மையாவது, அது அழகாகவும் முழுமையாகவும் தோன்றுவதால் அன்று; கலத்துக்குள் நிகழ்ந்ததோடு பொருந்துவதால்தான். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த தீமைகளை மட்டுமன்றி, செய்யாது விட்ட கடமைகளையும் அறிக்கையிடுகின்றோம். அளக்க வேண்டியதை அளக்காது விடுவதும் அந்த இரண்டாம் வரிசையில் சேரும்.

கடைத்தட்டின் குளிர்ச்சி

1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையின் டெவன்போர்ட் பிரிவில், அறுவை மருத்துவம் பெற்ற நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றப்பட்ட டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் கிருமிகள் கலந்திருந்தன. ஐவரின் மரணம் அக்கரைசலோடு தொடர்புபடுத்தப்பட்டது. அரசு அமைத்த கிளோதியர் குழு நடந்ததை ஆராய்ந்து அதே ஆண்டில் அறிக்கை தந்தது. அப்புட்டிகள் 1971 ஏப்ரலில் ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கலத்தில் வைக்கப்பட்டவை. கலத்தின் அடிப்பகுதியில் காற்று வெளியேறாது தங்கிவிட்டதால், கீழ்த்தட்டுப் புட்டிகளுக்குத் தேவையான வெப்பம் சென்று சேரவில்லை. பதிவு வெப்பமானி, வெப்பம் உரியவாறு உயரவில்லை என்பதைக் காட்டவே செய்தது. பணியாளரோ அக்கருவிதான் பழுது என்று கருதி, மற்றக் கருவி காட்டியதை நம்பினர்.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. முதலாவது, சாட்சியை அமர்த்துவது மட்டும் போதாது. அது நமக்கு ஒவ்வாததைச் சொல்லும்போதும் செவிமடுக்க வேண்டும். கருவி பழுதென்றால் அதனைச் சீர்செய்திருக்க வேண்டும். பழுதில்லையென்றால் அதனை நம்பியிருக்க வேண்டும். இரண்டுமின்றி அதனை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்வதே மனித இயல்பின் சோதனை. தன்னைச் சமன் செய்துகொண்ட பின்னரே பொருளை நிறுக்கும் துலாக்கோலை வள்ளுவர் சான்றோருக்கு உவமையாக்கினார். தொழிற்சாலையார் கருவிகளைக் குறித்த காலத்தில் ஒப்பிட்டுத் திருத்துவதும் அதே அறம்தான்.

இரண்டாவது, அளக்கும் இடம் முக்கியம். இன்று கலத்தைச் சோதிக்கும் வல்லுநர்கள், அதன் எல்லாப் பகுதிகளிலும் உணர்விகளை வைத்து, மிகக் குறைவாகச் சூடேறும் இடம் எதுவெனத் தேடுகின்றனர். அந்த இடத்துப் புட்டி தூய்மை பெற்றாலே மற்றவையும் பெற்றிருக்கும். மேல்தட்டு நன்றாகச் சூடேறியது கீழ்த்தட்டுக்குச் சான்றாகாது. இதனை எழுதும்போது மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சி நம் கண்முன் வருகின்றது. அங்கும் மிகச் சிறியோருக்குச் செய்ததும் செய்யாததுமே அளவுகோல். ஒரு பங்கின், ஒரு நாட்டின் நலத்தையும் அதன் குளிர்ந்த மூலையில் வைத்தே அளக்க வேண்டும்.

மறையாத தழும்பு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் வெளியிட்ட மின்பதிவு விதிகள், மாற்றம் செய்தவர் யார், எந்நேரம் என்பதைக் கணினியே குறித்துவைக்க வேண்டும் என்றும், புதிய குறிப்பு பழையதை மறைத்தலாகாது என்றும் விதித்தன. திருத்தலாம், ஆனால் திருத்தியது தெரிய வேண்டும். இது மன்னிப்புக்கு மாறான கடுமை என்று தோன்றலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொண்டு தோமையார்முன் வரவில்லை; அவற்றையே காட்டினார். மன்னிப்பு நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவதில்லை. நடந்ததை உண்மையின் ஒளியில் குணமாக்குகின்றது.

அப்படியானால் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பதிவு செய்துவிடலாமே எனின், அதுவும் தீர்வாகாது. ஆயிரம் எண்களுக்கிடையே முதன்மையான ஓர் எண் புதைந்துபோகும். ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கை மணிக்குக் காது மரத்துப்போகும். நோயாளிக்குத் தீங்கு எங்கிருந்து வரக்கூடும் என்று முதலில் கேட்டு, அதற்கேற்ப மாறிகளைத் தேர்வதே முறை. விவேகம் எனும் தலையாய நற்பண்பு இங்கே வேண்டப்படுகின்றது.

இவை மேலைநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து உட்கொண்ட குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. டைஎத்திலீன் கிளைக்கால் எனும் நச்சு அதில் மிகுதியாக இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. மருந்து புறப்படுமுன் கண்டறியப்பட வேண்டிய அளவு, பிள்ளைகளை அடக்கம் செய்த பின்னர் வெளியாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' எனும் ஏடு, படைப்புப் பொருள்களுக்கு அவற்றுக்கேயுரிய சட்டங்கள் உண்டென்றும், அவற்றை மதித்து ஆய்தல் இறைநம்பிக்கைக்கு முரணன்று என்றும் கற்பித்தது. நீராவி நம் விருப்பத்துக்கு இணங்கிச் சூடேறாது. நச்சு நம் பக்தியைக் கண்டு விலகாது. ஆதலின் நம் இல்லங்களிலிருந்து மருந்தாலைக்கும் கணினிக்கூடத்துக்கும் செல்லும் இளைஞர், தம் வேலையை வெறும் பிழைப்பென்று எண்ணலாகாது. எல்லையொன்றைக் குறிக்கும் வேளையில், தாம் ஒருபோதும் காணப்போகாத நோயாளியின் பொருட்டுச் சாட்சி ஒன்றை அவர்கள் நிறுத்துகின்றனர்.

அவ்வேலையில் இல்லாத நமக்கும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது நாம் எந்த மாறிகளை வரையறுத்திருக்கின்றோம்? செபங்களின் எண்ணிக்கையைக் குறித்துவைத்து, வேலைக்காரருக்குத் தராத கூலியைக் குறிக்காது விட்டோமா? 2 பாகைக்கு உட்பட்ட சரிவுகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோமா? நம் மனச்சான்றின் கருவி வெப்பம் போதவில்லை என்று காட்டும் நாளில், கருவியைப் பழுதென்று தள்ளாதிருக்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக.