வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்க மாட்டார்கள்!

எழுத வரும் என்கிறாய். நாடகம் என்றால் உயிர் என்கிறாய்.

அப்புறம் ஏன் இன்னும் ஒரு வரி எழுதவில்லை?

"நான் எழுதினால் யார் போடுவார்கள்? எனக்கு யாரையும் தெரியாது. இதழியல் படிக்கவில்லை. பெரிய ஊரிலும் இல்லை." இதுதானே உன் பதில்?

நிறுத்து! இந்தப் பாட்டை எத்தனை வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறாய்?

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1905ஆம் ஆண்டு. நியூயார்க் நகரம். சைம் சில்வர்மேன் என்று ஒருவர். 'மார்னிங் டெலிகிராஃப்' பத்திரிகையில் மேடை நிகழ்ச்சிகளுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நிகழ்ச்சி அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றே எழுதிவிட்டார்.

அந்த நிகழ்ச்சிக்காரர்களோ பத்திரிகைக்கு 50 டாலர் விளம்பரம் கொடுத்தவர்கள்!

வேலை போயிற்று.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஆசிரியர் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பாயா? "எனக்கு ராசியே இல்லை" என்று வீட்டில் சுருண்டு படுத்திருப்பாயா?

சில்வர்மேன் நேராக மாமனாரிடம் போனார். 1,500 டாலர் கடன் வாங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று சொந்தப் பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார். விளம்பரக்காரருக்காக விமர்சனம் வளையாது என்று அறிவித்துக்கொண்டு வந்த பத்திரிகை. பெயர் 'வெரைட்டி'.

நூறாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. தாளிலும் இணையத்திலும்!

வேலை போன கையோடு மாமனாரிடம் கடன் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

உனக்கு அவ்வளவு கூடத் தேவையில்லையே! அச்சகம் வேண்டாம். கடன் வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். இருந்தும் தயங்குகிறாய்!

இணையத்துக்கு முந்தைய நியூயார்க்கில், பிராட்வே என்னும் பெரிய அரங்குகளின் வட்டாரத்தில், ஒரு நாடகத்தின் தலையெழுத்தை நாலைந்து பேனாக்கள்தான் எழுதின. முதல் நாள் திரை விழுந்ததும் நடிகர்களும் தயாரிப்பாளரும் 44ஆவது தெருவில் இருக்கும் சார்டிஸ் உணவகத்துக்குப் போவார்கள். சிரிப்பார்கள், குடிப்பார்கள், ஒரு கண் மட்டும் வாசல் மேலேயே இருக்கும். நள்ளிரவுக்கு மேல் மறுநாள் பத்திரிகை வந்து சேரும். பிரித்துப் படித்தால் ஒன்று கொண்டாட்டம், இல்லையென்றால் இழவு வீடு.

ஃபிராங்க் ரிச் 1980 முதல் 1993 வரை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் தலைமை நாடக விமர்சகர். 'பிராட்வேயின் கசாப்புக்காரர்' என்றே அவருக்குப் பெயர்! ஒரு பேனாவுக்கு அத்தனை பயம்.

அந்த உலகத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த உலகம் போய்விட்டதே! நீ மட்டும் ஏன் இன்னும் அதன் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாய்?

1994இல் 'பிளேபில்' இணையத்துக்கு வந்தது. பிராட்வேயில் நாடகம் பார்க்கப் போனால் இருக்கையைக் காட்டுபவர் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பாரே, அதைப் போடுகிறவர்கள். 1884இல் தொடங்கிய நிறுவனம். 1999இல் 'தியேட்டர்மேனியா' வந்தது. களம் நிரம்பிவிட்டது, இனிமேல் யாருக்கும் இடமில்லை என்று நீ கணக்குப் போட்டிருப்பாய்.

2003இல் ராபர்ட் டைமண்ட் 'பிராட்வேவேர்ல்ட்' தளத்தைத் தொடங்கினார்!

பிராட்வே என்றால் என்ன? 500 இருக்கைகளும் அதற்கு மேலும் உள்ள 41 அரங்குகள். ஒன்றிரண்டு தவிர எல்லாம் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி, நடந்து போகும் தூரத்தில். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் தளம் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

அது ஊர் ஊராகப் போனது. சின்சினாட்டி, ஆஸ்டின், டெஸ் மோயின்ஸ். பிறகு கடல் தாண்டி லண்டன், ஆஸ்திரேலியா. எந்தப் பெரிய பத்திரிகையின் விமர்சகரும் ரயிலேறி வந்து பார்க்காத ஊர்களில்கூட நாடகம் நடக்கிறது அல்லவா? அங்கெல்லாம் ஆள் பிடித்தது.

யார் அந்த ஆட்கள்? வானத்திலிருந்து குதித்தவர்களா?

பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பாடம் நடத்துகிறவர். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். கல்லூரி மாணவி. ஒரு காலத்தில் மேடை ஏறிவிட்டுக் குடும்பத்துக்காக இறங்கியவர். உன்னை மாதிரி! உன்னைவிட ஒரே ஒரு விஷயத்தில் பெரியவர்கள்: அவர்கள் எழுதி அனுப்பினார்கள்.

அந்த இரவு எப்படி இருக்கும் தெரியுமா?

அலுவலகம் முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து, விளக்கு அணைவதற்குள் இருக்கையில் உட்கார்ந்தாக வேண்டும். இருட்டில் குறிப்பு எழுத வேண்டும். செல்போனைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். காகிதத்தில் எழுதினால் மூன்றாவது வரி இரண்டாவது வரியின் மேலேயே ஏறியிருக்கும். இடைவேளையில் பார்த்தால் பாதி உனக்கே புரியாது.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நீ வீட்டுக்கு ஓடு. நடித்தவர் பெயரை நிகழ்ச்சிப் புத்தகத்தோடு ஒத்துப் பார். ஒளி அமைத்தவர் பெயர்? உடை தைத்தவர் பெயர்? ஓர் எழுத்துப் பிசகினாலும் அவர் மனம் நோகும். அவர் வருஷத்துக்கு ஒரு முறை தன் பெயரை எழுத்தில் பார்ப்பவராக இருக்கலாம்!

கண் சொருகும். நாளைக்கு எழுதலாம் என்று மனம் சொல்லும்.

கேட்காதே! நாளைக்கு எழுதுவது நினைவு. இன்றைக்கு எழுதுவதுதான் செய்தி.

"செய்திக்கு நான் எங்கே போவேன்?" என்கிறாயா? உன் மடியிலேயே விழுகிறதே!

அமெரிக்க அரங்குகளில் நிகழ்ச்சிப் புத்தகத்தைத் திறந்தால் சில நாள் ஒரு சின்னக் காகிதத் துண்டு நழுவி விழும். இன்று இந்த வேடத்தில் இன்னார் நடிக்கவில்லை, இன்னார் நடிக்கிறார் என்று இரண்டு வரி. முக்கால்வாசிப் பேர் உச்சுக் கொட்டிவிட்டு அதைக் காலடியில் போட்டுவிடுவார்கள். எழுதுகிறவன் குனிந்து எடுத்துப் பத்திரப்படுத்துவான்.

அப்படி ஒரு நாள், 2021 டிசம்பர் 23. நியூயார்க் விண்டர் கார்டன் அரங்கம். 'தி மியூசிக் மேன்' இசை நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கிய வாரம். நாயகி சட்டன் ஃபாஸ்டருக்குக் கொரோனா. அவர் இடத்தில் கேத்தி வாய்ட்கோ ஏறினார். பல வேடங்களையும் படித்து வைத்துக்கொண்டு, யார் வராவிட்டாலும் ஏறத் தயாராக உட்கார்ந்திருக்கும் மாற்று நடிகை அவர். பகல் 12 மணிக்குச் சொன்னார்கள். 1 மணிக்குத்தான் அந்த வேடத்தில் அவருக்கு முதல் ஒத்திகை. இரவு கதாநாயகி!

முடிவில் நாயகன் ஹியூ ஜேக்மேன் அவரை முன்னால் அழைத்து நிறுத்தி, மாற்று நடிகர்கள்தான் பிராட்வேயின் முதுகெலும்பு என்று மனம் நெகிழ்ந்து பேசினார். அவையில் இருந்தவர்களின் செல்போன் வழியாக அந்தப் பேச்சு உலகம் சுற்றியது.

அந்த அம்மாள் அன்றைக்குக் காலையிலா வசனம் படித்தார்? யாரும் கூப்பிடாத நாட்களிலெல்லாம் படித்து வைத்திருந்தார். அதனால்தான் ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க முடிந்தது.

நீ என்ன தயாராக வைத்திருக்கிறாய்? நாளைக்கே ஓர் ஆசிரியர் "நீங்கள் எழுதியதில் மூன்று அனுப்புங்கள்" என்றால், மூன்று இருக்கிறதா உன்னிடம்?

இல்லை. எனக்குத் தெரியும்.

பயமா? எதற்குப் பயம்? தப்பாகப் போய்விடுமோ என்றா? போகும்! நீ திட்டிய நாடகம் ஓடும். நீ தூக்கி வைத்துக் கொண்டாடியது பத்தாம் நாள் படுத்துவிடும். பெயரை மாற்றிப் போட்டுவிடுவாய். காலையில் கோபமாக ஒரு கடிதம் வந்து நிற்கும். திருத்து. திருத்தியதை மறைக்காமல் கட்டுரைக்கு மேலேயே போடு. மறுபடி அடுத்த நாடகத்துக்குப் போ.

யாரும் படிக்கவில்லையா? முதல் மாதத்தில் யார் படிப்பார்கள்? உன் தங்கை படிப்பாள். நாடகக்காரரின் அம்மா படிப்பார். இரண்டு பேர்! அந்த இரண்டு பேருக்கும் ஒழுங்காக எழுதினாயா, அதைச் சொல்.

ஒரு வம்பும் இங்கே உண்டு. கவனம் பிடிக்க எளிய வழி கேலி. 2010இல் லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஆண்ட்ரூ லாயிட் வெபரின் 'லவ் நெவர் டைஸ்' வந்தது. 'வெஸ்ட் எண்ட் விஞ்சர்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் எழுதிவந்த இரண்டு ரசிகர்கள் அதன் தலைப்பைத் திரித்து ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது! ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. ஆண்டு முடிவதற்குள் நாடகத்தைச் சில நாள் நிறுத்தித் திருத்த வேண்டி வந்தது. 2011 ஆகஸ்டில் மூடியே விட்டார்கள். கேலி ஒன்றாலேயே மூடியது என்று நான் சொல்ல மாட்டேன்.

எந்தப் பத்திரிகையிலும் நாற்காலி இல்லாத இரண்டு பேர், உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளரின் நாடகத்துக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். உனக்கும் அந்தப் பலம் உண்டு. ஆனால் கத்தியைச் சின்னக் குழுவின் மேல் வீசாதே. பெரிய தயாரிப்பு கேலியைத் தாங்கும். கையிலிருந்த பணத்தைப் போட்டு மூன்று நாள் நாடகம் நடத்துகிறவனுக்குக் காரணம் சொல். எங்கே தொய்ந்தது, எந்தக் காட்சியில் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, அதைச் சொல். அதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

காலம் சரியில்லை என்கிறாயா? வா, 2020க்குப் போவோம்.

மார்ச் 12. மாலை 5 மணி. பிராட்வேயின் அரங்குகள் அத்தனையும் மூடப்பட்டன. ஏப்ரலில் திறந்துவிடலாம் என்றார்கள். பெரிய நாடகங்கள் திரும்பி வர 2021 செப்டம்பர் ஆயிற்று. ஒன்றரை ஆண்டு!

நாடகமே இல்லை. நாடகச் செய்தித் தளத்துக்கு என்ன செய்தி? விமர்சனத்துக்கு எங்கே போவது? விளம்பரம் யார் கொடுப்பார்?

கடையைக் கட்டியிருக்கலாம். நியாயமான காரணம்தான்! யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிராட்வேவேர்ல்ட் என்ன செய்தது? வீட்டில் அடைந்து கிடந்த பாடகர்களைத் தங்கள் வரவேற்பறையிலிருந்தே பாட வைத்து ஒளிபரப்பியது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இணையத்திலேயே பாட்டுப் போட்டி வைத்தது. பெயர் 'நெக்ஸ்ட் ஆன் ஸ்டேஜ்'. ஆண்டு விழா ரத்தாகி அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைத்தது!

மேடையே இல்லாத நாளில் மேடையைப் பற்றி எழுத அவர்களுக்கு விஷயம் இருந்தது. மேடை இருக்கும்போது உனக்கு விஷயம் இல்லையா?

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். ஏமாற்ற மாட்டேன். இப்படி ஊர்களிலிருந்து எழுதுகிறவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. விமர்சகர் டிக்கெட் கிடைக்கும், பெயர் வரும், அவ்வளவுதான். தளம் வளரும்போது எழுதியவனும் வளர்கிறானா என்ற கேள்வி எனக்கு உண்டு. அது நியாயமான கேள்வி.

ஆகவே கணக்கோடு இறங்கு! கைப்பழக்கத்துக்காகச் சில காலம் இலவசமாக எழுது. எழுதியதன் நகலை உன்னிடம் வைத்துக்கொள். மறுபடி வெளியிடும் உரிமை யாருக்கு என்று முதலிலேயே கேள். பழகிய பிறகு கூலியைக் கேள், வாய் விட்டுக் கேள். கொடுக்காவிட்டால் வேறு இடம் போ. கையில் ஐம்பது விமர்சனம் இருப்பவனுக்குப் பேரம் பேசத் தெம்பு வரும். ஒன்றுகூட இல்லாதவன் எதை வைத்துப் பேசுவான்?

"ஆங்கிலம் வராது." உனக்கு வரும் மொழியில் எழுது. அந்த மொழியில் நாடகம் நடக்கிறதா இல்லையா?

"நாடகக் கல்வி இல்லை." பார். மறுபடி பார். அதே நாடகத்தை மூன்றாம் முறை பார். நடிகனின் கை எந்த இடத்தில் உயர்ந்தது, சனிக்கிழமை உயர்ந்தது ஞாயிற்றுக்கிழமை ஏன் உயரவில்லை என்று பார். இதைவிடப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எங்கே போகப்போகிறாய்?

"நேரம் இல்லை." இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நேற்று இரவு செல்போனில் எத்தனை மணி நேரம் விரலைத் தேய்த்தாய் என்று நீயே பார்த்துக்கொள்!

சரி. இந்த வாரம் உன் ஊரில் எங்கே நாடகம்? கல்லூரி அரங்கிலா, மண்டபத்திலா, வீட்டு மொட்டை மாடியிலா? விசாரி. குழுத் தலைவரின் எண்ணை வாங்கு. "உங்கள் நாடகத்துக்கு விமர்சனம் எழுத வருகிறேன்" என்று சொல்.

"எந்தப் பத்திரிகை?" என்று கேட்பார்.

குரலைத் தாழ்த்தாதே. "பத்திரிகை இன்னும் இல்லை சார். விமர்சனம் நாளைக் காலை ஏழு மணிக்கு வரும்" என்று சொல். சொன்னபடி ஏழு மணிக்குப் போடு!