நின்ற நிமிஷங்கள்

எதிர்வீட்டுப் பையன் தன் செல்போனில் ஒரு பந்தயத்தைக் காட்டினான். மணல், ஒரு மோட்டார்சைக்கிள், மறுபடியும் மணல். டக்கார் என்றான். ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024இல் அதன் ராலி-2 பிரிவில் முதலாவதாக வந்தார், டி.வி.எஸ். அணிக்காரர், நம் ஹோசூர்க் கம்பெனி என்று அவனுக்கு ஒரே பெருமை. எனக்குப் பந்தயங்களில் ருசி கிடையாது. பணமும் பெட்ரோலும் மிஞ்சியவர்கள் அடுத்தவன் தேசத்தில் போய்த் தூசி கிளப்புவது என்பதுதான் என் அபிப்பிராயம். பெரும்பாலும் இன்னும் அதுவேதான். ஆனால் பையன் போகிற போக்கில் சொன்ன ஒரு விதி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

வழியில் அடிபட்டுக் கிடக்கும் சக போட்டியாளனுக்காக ஒருவன் வண்டியை நிறுத்தினால், அவன் நின்ற நேரம் கணக்கிடப்பட்டு அவனுக்குத் திருப்பித் தரப்படும். இதுதான் விதி.

பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1977இல் தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆபிஜான்–நீஸ் பந்தயத்தில் பாலையில் வழி தவறி, சாகாமல் தப்பினார். தப்பியவருக்கு மற்றவர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 1978 டிசம்பர் 26ஆம் தேதி பாரிஸிலிருந்து செனகல் தேசத்து டக்காரை நோக்கி முதல் பந்தயம் கிளம்பியது. 1986இல் மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து சபீனே இறந்தார். கொலை பயத்தால் 2008இல் பந்தயம் ரத்தாயிற்று. அடுத்த வருஷம் தென் அமெரிக்கா போயிற்று. 2020 முதல் சவூதி அரேபியா. டக்கார் இல்லாத டக்கார். இரண்டு வாரம், பல ஆயிரம் கிலோமீட்டர். பெரும்பாலும் சாலை கிடையாது. தூரமும் திசையும் குறிகளுமாக ஒரு வழிக்குறிப்பு. ஓடும் வண்டியின் மேல் நின்றுகொண்டே அதைப் படிக்கவேண்டும். நாலு சக்கர மோட்டார்சைக்கிள்களுக்கும் 2024 வரை தனிப் பிரிவு இருந்தது.

இவ்வளவு தூரத்தில் நாலைந்து நிமிஷம் என்ன பெரிது என்று கேட்கலாம். 2023இல் அர்ஜென்டினாவின் கெவின் பெனவிடெஸ் ஜெயித்தது 43 விநாடியில். தோற்று இரண்டாவதாக வந்தவர் ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ். அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2016இல் போர்ச்சுகல்காரர் பாவ்லோ கொன்சால்வெஸ் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் வால்க்னர் தொடை எலும்பு முறிந்து கிடந்தார். கொன்சால்வெஸ் நின்றார். மருத்துவ உதவி வந்த பிறகுதான் கிளம்பினார். நேரம் திருப்பித் தரப்பட்டது. வால்க்னர் எழுந்து 2018இல் பந்தயத்தையே ஜெயித்தார். 2020 ஜனவரி 12, ரியாத்துக்குத் தெற்கே மணலில் கொன்சால்வெஸ் விழுந்தார். அப்போது அவர் நம் நாட்டு ஹீரோ கம்பெனி அணியில் இருந்தார், வயது 40. முந்தைய வருஷம் ஜெயித்திருந்த டோபி பிரைஸ் அவரைப் பார்த்து நின்றார். ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றார். கொன்சால்வெஸ் பிழைக்கவில்லை. பிரைஸுக்கும் நேரம் திருப்பித் தரப்பட்டது.

திருப்பித் தரப்படும் கருணை கருணைதானா? முதலில் எனக்குள் எழுந்தது இந்தக் கேள்வி. கேள்வி புதிதல்ல. விவரம் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் சரியான விலைக்கே விற்கிற கடைக்காரனை கான்ட் 1785லேயே சந்தேகித்துவிட்டார்: வியாபாரம் கெட்டுப்போகாமல் இருக்க அவன் நேர்மையாக இருந்தால் அந்த நேர்மைக்கு என்ன தார்மீக மதிப்பு? நம் பக்கத்திலிருந்து பாரியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் திருப்பி எதையும் எதிர்பார்க்கவில்லை. (ஆனால் பாரி பந்தயத்தில் இல்லை. ராஜாக்களின் கருணையைப் பற்றிப் பேசும்போது நாம் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.)

யோசித்துப் பார்த்தால் பிரைஸ் கடைக்காரன் இல்லை என்று தெரிகிறது. அவருக்கு லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணக்கூடியது மட்டும் திரும்பியது. சாகப்போகும் ஒரு மனிதனின் அருகே இருந்துவிட்டு, அதே கையால் வண்டியைக் கிளப்பி, அதே மாதிரி மணல்மேடுகளில் வேகமெடுக்கவேண்டும். இதை எந்தக் குமாஸ்தாவும் கணக்கில் திருப்பி எழுத முடியாது. நிற்கும்போது அவர் விதியை நினைத்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. விதி அவரைப் பற்றியதே இல்லை என்பது என் கட்சி. அது நிற்காமல் போகிறவனைப் பற்றியது. விதி இல்லாத இடத்தில் அவன் ‘நேரமில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். விதி வந்ததும் அந்தத் துணி உருவப்பட்டுவிடுகிறது. பிறகும் ஒருவன் தாண்டிப் போனால் அவனிடம் மிஞ்சுவது என்ன?

விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. சக போட்டியாளன் என்ற சொல்லில் இருக்கிறது அது. 1988 பந்தயத்தில் மாலியில் சாலையைக் கடந்த பத்து வயதுச் சிறுமி அடிபட்டு இறந்தாள். அவள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாலை காலியாக இருக்கிறது என்பது கடந்து போகிறவன் எண்ணம். நம் மரபிலும் பாலை தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு ஆவது. (எங்கள் பக்கத்தில் மருதத்தையே எந்திரம் வைத்துத் தோண்டிப் பாலை ஆக்குகிறார்கள், அது வேறு கட்டுரை.) பொருள் தேடிப் போகும் தலைவன் வழிப்பறிக்காரர் அம்பில் இறந்தவர்கள்மேல் குவித்த பதுக்கைகளைக் கடந்து போகிறான். அவன் ஒரு கணமாவது நின்றதாக எந்தப் பாட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 1994 மார்கழி. கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்கு மொபெட்டில் போய்க்கொண்டிருந்தேன். பையில் இதுபோன்ற ஒரு பத்திரிகையின் திருத்திய புரூஃப். ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையை மெஷினில் ஏற்றிவிடுவார்கள். விடியாத நேரம். வாய்க்கால் ஓரம் ஒரு மோட்டார்சைக்கிள் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு ஆள். கை அசைந்தது. பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். நிற்கவில்லை.

அச்சகம், போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்று சிதம்பரம் போய்ச்சேரும்வரை காரணங்களை அடுக்கினேன். அந்தக் காரணங்களையெல்லாம் இப்போது சட்டம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. உதவுகிறவர் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை என்ற வழிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் வெகுமதி வைத்தது. 2025இல் அதை 25,000 ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. பாலைவனத்து விதியைவிட இது ஒரு படி மேல். இழந்ததற்கு மேலேயே தருகிறார்கள். கான்ட்டின் கடைக்காரன் இங்கேதான் நுழைகிறான். நுழையட்டும், கிடப்பவனுக்கு அதனால் என்ன?

என்னை உறுத்துவது வேறு. அந்த இதழ் எப்படியும் இரண்டு மாதம் தாமதமாகத்தான் வந்தது. அன்று யாராவது குறுக்கே வந்து, உன் ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நின்றிருப்பேனா? நின்றிருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன். நான் பயந்தது நேரத்துக்கு இல்லை. நின்றால் அந்த ஆள் என் பொறுப்பாகிவிடுவார். தூக்கவேண்டும், ரத்தத்தைத் தொடவேண்டும், அவர் வீட்டுக்காரர்களிடம் நான் போய்ச் சொல்லவேண்டியிருக்கும். நேரமில்லை என்பது இதற்கெல்லாம் நான் வைத்த கௌரவமான பெயர்.

அவர் பிழைத்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் விருத்தாசலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். பக்கத்து ஊர்க்காரர்தான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். எங்கே பார்த்தாலும் “நல்லா இருக்கீங்களா சார்” என்பார். அவருக்குத் தெரியாது.

போன வாரம் டீக்கடையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுப் பையனும் இருந்தான். பேச்சு பந்தயத்துக்குப் போயிற்று. அடிபட்டவனுக்காக நின்றால் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் சொன்னேன். “அப்படியா சார், பரவாயில்லையே” என்றார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நான் காசு எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு அவரே கொடுத்தார்.