மகவைப் பேணலும் சிவவழிபாடும்

இல்லறத்தின்கண் நின்று சிவபூசையும் ஆலய வழிபாடும் வழுவாது செய்துவரும் அன்பர் சிலர்க்கு, மனையில் ஒரு மகவு தோன்றித் தளர்நடை பயிலத் தொடங்கிய காலத்தே ஓர் ஐயம் நிகழ்வதுண்டு. வைகறையில் நீராடித் திருநீறணிந்து பூசைக்கு அமர்ந்தால், குழந்தை விழித்தெழுந்து வந்து மடிமேல் ஏறுகின்றது. எடுத்து வைத்த பூவைக் கசக்குகின்றது. கைம்மணியைப் பற்றி அடிக்கின்றது. திருநீற்றுச் சம்புடத்தைக் கவிழ்த்து முகமெல்லாம் பூசிக்கொண்டு நகைக்கின்றது. மாலையில் ஆலயத்திற்குப் புறப்பட்டால் அரை நாழிகை வழி இரண்டு நாழிகை வழியாகின்றது. "முன்னெல்லாம் மனம் ஒருமைப்பட்டு நின்றது, இப்பொழுதோ இக்குழந்தையின் பின்னே திரிகின்றது. இதுவன்றோ பாசம்! பாசத்தை நீக்குதற்கன்றோ வழிபாடு! நீக்கற்பாலதாய ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்குச் செல்லுதல் யாங்ஙனம் பொருந்தும்?" என்பதே அவ்வையம்.

இதற்கு எளிய விடைகள் இரண்டு வழங்குகின்றன. அன்பு யாண்டிருப்பினும் நன்றே, அதனை ஆராய வேண்டுவதில்லை என்று கூறி அமைவார் ஒரு சாரார். பிள்ளையை மனைவியாரிடம் விட்டுவிட்டுத் தம் நியமத்தைக் காத்துக்கொள்பவரே மிக்கார் என்பார் மற்றொரு சாரார். முன்னையோர், மக்கள்மேல் வைத்த அன்பு என்று சொல்லப்படுவதனுள்ளே தன்னலமும் செருக்கும் கரந்திருத்தல் கூடும் என்பதை மறந்தார். பின்னையோர், அம்மனைவியாரும் வழிபாட்டிற்குரிய ஓர் உயிரே என்பதை மறந்தார். ஒருவர் நியமம் நிரம்புதற்கு மற்றொருவர் நியமம் நாடோறும் குறைபடுமாயின், நிரம்பியது நியமமன்று, தம் விருப்பமே என்க. ஆதலின் இவ்விரு விடையும் அமையா.

முதற்கண் பாசம் என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். உலக வழக்கிற் பாசம் என்பது பற்றுமிக்க அன்பு. சித்தாந்த நூல் வழக்கிலோ அஃது ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களாகிய கட்டு. குழந்தை பாசமன்று, பசு. அஃதாவது, பெற்றோரைப் போலவே அநாதியாய் உள்ளதோர் உயிர். பெற்றோர் கொடுத்தது உடம்பிற்கு ஒரு வாயிலே. உயிரை அவர் படைத்திலர். அவ்வுயிர் தன் வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களைப் பெற்று இவ்வில்லத்தே வந்து தங்கியிருக்கின்றது. கட்டுவது குழந்தையன்று, 'இஃது என் உடைமை' என்னும் எண்ணமே கட்டுவது. அவ்வெண்ணம் குழந்தையைத் தோளிற் சுமப்பார்க்கும் உண்டாகலாம். குழந்தையைத் தள்ளிவிட்டு, 'என் பூசை, என் நேரம்' என்று அமர்ந்தார்க்கும் உண்டாகலாம். எனவே, ஈண்டு ஆராயற்பாலது மகவைப் பேணலாமோ ஆகாதோ என்பதன்று. எங்ஙனம் பேணினால் அது கட்டாகாது என்பதேயாம்.

மாலைக்காலத்தே ஒரு தந்தை, ஈராண்டு நிரம்பிய தன் மகனை அழைத்துக்கொண்டு கோயிலுக்குச் செல்வதாகக் கொள்க. வாயிலைக் கடந்த அளவிலே, தூக்கு என்று கைகளை நீட்டுகின்றது குழந்தை. தூக்கிப் பத்தடி நடந்தவுடன், தெருவோரத்துக் கன்றைக் கண்டு, இறங்கவேண்டும் என்று உடலை வளைத்துத் திமிறுகின்றது. இறக்கிவிட்டாற் கன்றினிடம் செல்லாது, வழியில் ஊரும் எறும்பு வரிசையைக் கண்டு குந்திக்கொள்கின்றது. ஓரெறும்பு நொய்யரிசி ஒன்றைச் சுமந்து செல்வதனை இமையாது நோக்குகின்றது. தீபாராதனைக்கு நேரமாயிற்று என்று தந்தை அழைப்பது அதன் செவியிற் புகுவதில்லை. பின்னர் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தந்தையின் கையில் வைத்து, விரல்களை மூடச் செய்கின்றது. சிறிது தொலைவு சென்று அக்கல்லைக் கேட்கின்றது. தந்தை அதனை எறிந்துவிட்டாராயின், பெரும்பொருள் இழந்தார் போல் அழுகின்றது. கோபுரவாயிலின் உயர்ந்த படியைத் தானே ஏறல்வேண்டும் என்று இரு கையும் ஊன்றி முழந்தாளிட்டு ஏறுகின்றது. ஏறியபின் மீட்டும் இறங்கி ஏறுகின்றது. அதற்குள் உள்ளே மணியொலித்து அடங்கிவிடுகின்றது. தந்தை திருமுன் சென்று நிற்கும்பொழுது தீபாராதனை முடிந்துவிட்டது. குழந்தையும் அவர் தோளிலே உறங்கிவிட்டது.

இத்தந்தை அன்றைய வழிபாட்டை இழந்தாரோ? இவ்வினாவிற்கு விடை, இறைவன் உயிர்களோடு நிற்கும் முறையை நோக்கினாற் புலனாகும். உயிர்களை அவன் வலிந்து இழுத்துச் செல்வதில்லை. மலம் பரிபாகமுறுங்காறும், திரோதான சத்தியால் தன்னை மறைத்து நின்று, அவை விரும்பிய உலகப் பொருள்களையே காட்டி, நுகர்வித்து, உடன் நிற்கின்றான். எறும்பு வரிசையின் முன்னே குந்தியிருப்பது குழந்தை மட்டுமன்று; ஒவ்வோருயிரும் பிறவிதோறும் சிறியதொன்றன் முன்னே குந்தியிருந்து, அழைக்குங் குரலைக் கேளாதிருக்கின்றது. அவனோ நின்று காத்திருக்கின்றான். தன்பொருட்டு இறைவன் இத்துணைக் காலம் காத்து நிற்றலை ஒருகால் உணர்ந்தவர், ஒரு குழந்தையின்பொருட்டுக் காலாழிகை காத்து நிற்றலை இழப்பெனக் கருதார்.

சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரம் இறைவன் உயிர்களோடு நிற்கும் நிலையை உணர்த்துவது. கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் அறிவித்து இயக்குதலால் உடனாயும் அவன் நிற்கின்றான் என்பது சித்தாந்தக் கொள்கை. இம்மூன்றன் சாயை குழந்தையொடு நடக்கும் பெற்றோரிடத்தும் காணப்படும். இடுப்பிலோ தோளிலோ சுமந்து செல்லும்பொழுது இருவரும் ஒருடம்பு போல்வர். கீழே விட்டு, விலகி நின்று, அது தானே எழுந்து விழுதலைப் பார்க்கும்பொழுது வேறாவர். விரல் கொடுத்து, அதன் அடிக்குத் தம் அடியைக் குறுக்கிக்கொண்டு நடக்கும்பொழுது உடனாவர். இறைவன்பால் இம்மூன்றும் ஒருங்கே உள. பெற்றோர்பால் ஒன்றன்பின் ஒன்றாய் வருவன. அவன் களைப்பறியான், இவர் களைப்படைவர். ஆதலின் இஃது ஒருபுடை ஒப்புமையே என்று கொள்க.

இம்மூன்றும் தத்தம் இடத்தில் நன்மை, இடந்தவறிற் குற்றம். நடக்கவல்ல குழந்தையை, தம் விரைவு கருதி வாரித் தூக்கிச் செல்லுதல் அன்பின் செயலன்று. தம் காலத்தின்மேல் வைத்த ஆசையின் செயல். விழாதிருக்கவேண்டும் என்று எப்பொழுதும் சுமப்பாரும் அதன் நடையைக் கவர்ந்தவரே ஆவர். விலகி நிற்றலும் கண் விலகாதவழியே நன்று. உடன் நடத்தலோ மூன்றினும் அரிது. விரல் கொடுப்பார் முதுகு வளைதல் வேண்டும். நடை குறைதல் வேண்டும். கன்றையும் எறும்பையும் அன்றே முதன்முறை கண்டார்போற் காண வேண்டும். 'யான் பெரியன், யான் அறிந்தவன்' என்னும் முனைப்பு அவ்வளவிற்குத் தேய்கின்றது. தவத்தார் பல்லாண்டு முயன்று தேய்க்கும் அம்முனைப்பை, ஒரு குழந்தை மாலைதோறும் தேய்க்கின்றது.

இக்காலத்தார்க்கு இதன்கண் ஒரு சோர்வு மிகுதியும் நேர்கின்றது. குழந்தை அழாதிருத்தற்பொருட்டு அதன் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்து, தாமும் ஒன்றைக் கையிற்கொண்டு அருகே அமர்ந்திருப்பாரைக் கோயில் மண்டபங்களிலும் காணலாம். உடல் அருகிருத்தல் உடனாதல் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும், ஈராண்டு நிரம்பாத மகவுக்குத் திரைக்காட்சி வேண்டா என்றும், ஈராண்டு முதல் நான்காண்டு வரையுள்ள பிள்ளைகட்கு நாளொன்றில் ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும், ஓராண்டு கடந்த பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் ஓடியாடி இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. எறும்பைக் கண்டு குந்துதலும் படியேறி இறங்குதலும் வீண்பொழுதல்ல என்பது மருத்துவ நூலார்க்கும் உடன்பாடாயிற்று.

மேற்கூறிய மூன்று நிலையையும் ஒரு தந்தையார் வாழ்க்கையிலே தெளியக் காணலாம். அவர் 7-ஆம் நூற்றாண்டிற் சீகாழியில் வாழ்ந்த சிவபாத இருதயர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தருளினார். ஒருநாள் தந்தையார் நீராடப் புறப்படுகின்றார். மூவாண்டுப் பிள்ளையார் அழுது பின்தொடர்கின்றார். தந்தையார் நின்று, சினந்தார்போல் விலக்குகின்றார். பிள்ளையாரோ கிண்கிணி ஒலிக்கக் காலைத் தரையிற் கொட்டுகின்றார். இறுதியில் தந்தையார், உன் கருத்து இதுவாயின் வருக என்று உடனழைத்துச் செல்கின்றார். பிள்ளை பெற்றார் எவர்க்கும் இந்நிகழ்ச்சி புதிதன்று. அநுட்டானத்தை விடாத தந்தை. தந்தையை விடாத பிள்ளை. மேற்கூறிய ஐயம் முழுவதும் அத்தெருவிலேயே நிகழ்ந்துவிட்டது.

பிரமதீர்த்தக் கரையிற் பிள்ளையாரை இருத்தி நீரிற் புகுவதற்குத் தந்தையார்க்கு மனம் எளிதில் இசைந்திலது. ஆதலின் தோணிமேல் எழுந்தருளிய பெருமானைத் தொழுது, பின்பே மூழ்கினார். தந்தையாரைக் காணாத பிள்ளையார் கண்களைக் கையாற் பிசைந்து, இதழ் துடிக்க அழுதார்; கோயிற் சிகரத்தை நோக்கி அழைத்தார்; அம்மையப்பர் எழுந்தருளி ஞானப்பால் ஊட்டினர். கரையேறிய தந்தையார், பால் வழிந்த வாயைக் கண்டு, எச்சிற்பால் கொடுத்தார் யார் என்று சிறியதொரு கோலை ஓங்கி வினவினார். பிள்ளையார் மேலே சுட்டிக் காட்டினார். தந்தையார் நீருள் மூழ்கி நினைந்த பொருளைக் கரையில் நின்ற மகவு கண்டது! பிள்ளையை வழிபாட்டிற்குத் தடையென்று கருதுவார் இதனை ஊன்றி ஓர்தல் வேண்டும்.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று குழந்தையைக் குளக்கரையில் விட்டு மூழ்கலாமோ எனின், ஆகாது. அஃது அருளின் செயல், நமக்கு விதியன்று. நீரில் வீழ்ந்த சிறுமகவு பெரும்பாலும் கூவுவதில்லை, ஓசையின்றி அமிழ்ந்துவிடும். இறைவனிடம் ஒப்புவித்தல் என்பது, தன் கண்ணையும் கையையும் அவன் பணிக்கு ஒப்புவித்தலேயன்றி, அவற்றை மூடிக்கொள்ளுதல் அன்று.

ஓங்கிய கோலும் ஆராயற்பாலது. இறைவன் ஒறுத்தலை மறக்கருணை என்பர் பெரியோர். பெற்றோர் பலர் தம் சினத்திற்கும் அப்பெயரிட்டு அமைதியடைவர். வேறுபாடு அறிதற்கு ஒரு வழியுண்டு. கருணையாற் பிறந்த சினம், காரணம் நீங்கியவுடன் நீங்கும். களைப்பாலும் செருக்காலும் பிறந்த சினம், காரணம் நீங்கியபின்னும் எஞ்சி நின்று மற்றொரு குற்றத்தைத் தேடும். சிவபாத இருதயர் கையிலிருந்த கோல் பிள்ளையார்மேல் விழவில்லை. சுட்டிய விரலைக் கண்ட அளவிலே சினம் வியப்பாயிற்று. குழந்தை எதனைச் சுட்டுகின்றது என்று ஒருகணம் நோக்கியபின் அடிக்க ஓங்குவாராயின், ஓங்கிய கை பெரும்பாலும் தானே தாழ்ந்துவிடும்.

கரையில் வேறாய் நின்ற தந்தையார், பின்னர்த் திருநனிபள்ளிக்குப் பிள்ளையாரைத் தம் தோளிற் சுமந்து ஒன்றாய்ச் சென்றார். திருவரத்துறையை நோக்கிச் சென்றபொழுதோ பிள்ளையார் நடந்தே சென்றார். சிறிய திருவடிகள் நொந்தன. தந்தையார் அதுகண்டு வருந்தி உடன் நடந்தார். அவ்வருத்தத்தை மாற்றுதற்கு முத்துச் சிவிகை அளித்தவன் இறைவன். தந்தையாற் கூடியது உடன் நடத்தலும் உடன் வருந்துதலுமே. சிவிகை கொடுத்தல் அவராற் கூடியதன்று. பெற்றோர் அன்பிற்கு எல்லை இது. எல்லாவற்றையும் தாமே கொடுத்துவிட முயல்வார் இவ்வெல்லையை மறந்தவராவர்.

பிள்ளையார் வளர்ந்து தலங்கள்தோறும் சென்றபின், பிரிவாற்றாத தந்தையார் மதுரைக்குச் சென்று அவரைக் கண்டார் என்பது வரலாறு. அங்கே அவர் கண்டது, தம் தோள்மேல் இருந்த மகவையன்று. உலகிற்கு உரியராகிவிட்ட ஆசிரியரை. தளர்நடைப் பருவம் எத்துணை நீண்டதாகத் தோன்றினும், இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவது. விரலைப் பற்றிய கை ஒருநாள் விரலை விடும். அப்பொழுது தெருவும் கோயிலும் இருக்கும். தீபாராதனையும் நாடோறும் நிகழும். படியேறி இறங்குவதற்கு மட்டும் ஒருவரும் இரார்.

ஆதலின், முன் கூறிய ஐயத்திற்கு விடை இதுவாம். அன்று தீபாராதனைக்குப் பிந்திச் சென்ற தந்தை, வழியிலே வழிபாட்டைச் செய்துகொண்டே சென்றார். தாம் செய்தது வழிபாடு என்பதை அறிந்து செய்வாராயின் பயன் மிகும். பூசையின்கண் மடியிலேறும் மகவைத் தள்ளற்க. ஒரு பூவை அதன் கையிலும் கொடுக்க. பூசை நேரத்தைத் தாயும் தந்தையும் தம்முட் பகுத்துக்கொண்டு, ஒருவர் காக்க ஒருவர் வழிபடுக. எடுத்தற்குரியபொழுது எடுத்து, விடுதற்குரியபொழுது விட்டு, உடன் நடத்தற்குரியபொழுது முதுகு வளைத்து நடக்க. குழந்தை தந்தை கையிற் கூழாங்கல்லை வைத்து மூடியதுபோல, இறைவன் ஓருயிரைப் பெற்றோர் கையில் வைத்து மூடியிருக்கின்றான். சிறிது தொலைவு சென்றபின் அவன் அதனைக் கேட்பான். எறிந்துவிட்டேன் என்று சொல்ல நேராமலும், எனதே தரேன் என்று சொல்ல நேராமலும், கை திறந்து காட்டும்படி வைத்திருத்தலே மகவைப் பேணும் நெறியாம்.

திருச்சிற்றம்பலம்.