வால் முன்னே போகும்

எங்கள் மாடி வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வாரம் அறிவியல் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். நடுவில் சூரியன், அதைச் சுற்றி நீண்ட பாதை, பாதையில் வால்நட்சத்திரம். சூரியனை நோக்கி வரும்போது வால் பின்னால் இருக்கிறது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னால் போகிறது. அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"தாத்தா, நான் போட்டது தப்பா?"

"ஏன் அப்படிப் போட்டே?" என்றேன்.

"வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே இருக்கும்?"

அவள் வரைந்ததுதான் சரி. 1531-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது, ஜெர்மனியில் பீட்டர் அப்பியன் நாள்தோறும் பார்த்துப் பதிவு செய்த உண்மை அது. சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்றன. வால்நட்சத்திரத்தின் வாயுவை அவை நேராகத் தள்ளிக்கொண்டு போகின்றன. அது நீல வால். தூசியை ஒளியின் அழுத்தம் மெல்லத் தள்ளுகிறது. அது பின்தங்கி, வளைந்து, வெளிர்மஞ்சளாகத் தெரியும். 1997-இல் ஹேல்-பாப் வந்தபோது இரண்டு வாலும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன.

அவள் விடவில்லை. "அப்போ சூரியன் பக்கமா வாலே தெரியாதா?"

தெரிந்திருக்கிறது, அம்மா. 1957 ஏப்ரலில் அரெண்ட்-ரோலண்ட் வால்நட்சத்திரத்துக்குச் சூரியன் பக்கமாக ஈட்டிபோல ஒரு வால் நீண்டது. சில நாள்தான், பிறகு மறைந்துவிட்டது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு நேராக, விளிம்பு மட்டும் தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். தாள் ஒரு கோடாகிவிட்டது. கனமான தூசித் துகள்களை ஒளியால் அதிகம் தள்ள முடியாது. அவை வால்நட்சத்திரத்தின் பாதைத் தளத்திலேயே மெல்லிய விரிப்பாகத் தங்கிவிடும். நம் பூமி அந்தத் தளத்தைக் கடக்கும் நாள்களில் விரிப்பின் விளிம்பைத்தான் பார்க்கிறோம். தூசி உண்மையில் சூரியனை நோக்கிப் பாயவில்லை. நாம் நிற்கும் இடத்திலிருந்து அப்படித் தெரிகிறது. 2024 அக்டோபரிலும் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தில் இதைப் படம் பிடித்தார்கள்.

பெருக்கல் குறி போடுமுன் "ஏன் இப்படி வரைந்தாய்?" என்று அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் நம் வகுப்பறைகளில் குறைந்துவிட்டது. எனக்கு அதில் கோபமே உண்டு. வீட்டிலும் நாம் அப்படித்தான் இருக்கிறோம்.

அடுத்த வால்நட்சத்திரம் மாலை வானத்தில் வரும்போது பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். முதலில் சூரியன் மறைந்த இடத்தைக் காட்டுங்கள். வால் எந்தப் பக்கம் நீளும் என்று அவர்களே சொல்லட்டும். பிறகு நிமிர்ந்து பாருங்கள்.