அரங்கன் முகம் திருப்பிக்கொண்டது

செஞ்சிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் படுத்திருக்கிறார். முகம் ஒருபக்கமாகத் திரும்பியிருப்பதற்கு ஊரில் காரணம் சொல்வார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குக் கிளம்பிய தேசிங்குராஜா உத்தரவு கேட்டு வந்து நின்றானாம். 'இன்னைக்குப் போகாதேப்பா' என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அவன் போனான், செத்தான். சின்ன வயசு.

சாமி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு ரொம்ப நாள் தோன்றியது. பெரிய அரசின் முன்னால் சின்ன அரசு என்ன செய்ய வேண்டும்? இது தேசிங்கோடு பிறந்த கேள்வி இல்லை. இங்கிருந்து கிழக்கே, திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். வள்ளல்கள் எழுவர் சுமந்த கொடைப்பாரத்தை இவன் ஒருவனே தாங்கியதாகச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அந்த எழுவரில் ஒருவன் பாரி. மூவேந்தரும் கூடிப் பறம்பை முற்றுகையிட்டபோது, அவனுடைய முந்நூறு ஊர்களும் ஏற்கெனவே பரிசிலர் கைக்குப் போயிருந்தன. மிச்சம் மலைதான். அதற்காகவும் அவனைக் கொன்றார்கள்.

கொரியாவின் தெற்கே காயா என்று ஒரு சிற்றரசுக் கூட்டு இருந்தது. இரும்புக்குப் பேர்போன நாடு. மேற்கே பெக்ஜே, கிழக்கே சில்லா. அவையும் இதுபோன்ற குடிக்கூட்டங்களிலிருந்து முளைத்துப் பேரரசானவைதான். 532இல் கும்க்வான் காயாவின் அரசன் சில்லாவிடம் பணிந்தான். அவன் குடும்பத்துக்கு உயர்குடிப் பட்டம் கிடைத்தது. கொள்ளுப்பேரன் கிம் யூசின் சில்லாவின் பெரும் தளபதியானான். எதிர்த்த தேகாயா 562இல் அழிந்தது.

கணக்குப்படி பணிந்தவன் கெட்டிக்காரன். ஆனால் பட்டம் அரச குடும்பத்துக்குத்தான் வந்தது. உலையில் இரும்பு உருக்கியவனுக்கு என்ன வந்தது? நேற்றுவரை காயாவுக்கு அடித்த வேலை இன்று சில்லாவுக்கு அடித்திருப்பான், அவ்வளவுதான். எதிர்ப்பதென்றாலும் பணிவதென்றாலும் அவனை யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. நாம் மானம், விவேகம் என்று பிரித்துப் பேசுவதெல்லாம் கோட்டைக்குள் இருந்தவர்களின் சங்கதி.

தேசிங்கு கதைப்பாடலில் மட்டும் ஒரு ஆள் என்னை இடறவைக்கிறான். நண்பன் மகமத்கான், கல்யாணப் பந்தலிலிருந்தே எழுந்து சண்டைக்குப் போகிறான். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கூலியும் பேசவில்லை. அது அவனே எடுத்த முடிவு. அதனால் அவனை என் கணக்குக்குள் அடக்க முடியவில்லை.

பந்தலில் இருந்த பெண்ணிடம் அவனும் உத்தரவு கேட்டிருக்க மாட்டான்.